ஒரு கட்டை, இரண்டு பெயர்
நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம் – ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை



இந்த நினைவுச் சொற்பொழிவை இதற்கு முன் கவிஞர்கள், நாவலாசிரியர்கள், ஆய்வாளர்கள் நிகழ்த்தியிருக்கிறார்கள். நான் எழுத்தாளன் இல்லை. கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். என்னை அழைத்த தோழரிடம், "எனக்குத் தெரிந்தது கார்டு மட்டும்தான்" என்று சொன்னேன். "அப்படியானால் கார்டைப் பற்றிப் பேசுங்கள். நம் மன்றத்தில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை" என்றார். அதனால் இன்று ஒரே ஒரு கார்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் டிமினிஷ்டு. தமிழில் சொன்னால், குறைக்கப்பட்டது. தலித் இலக்கிய மேடையில் 'குறைக்கப்பட்டது' என்று ஒருவன் பேச்சைத் தொடங்கினால் அடுத்து என்ன உவமை வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த உவமையை நான் சொல்லப் போவதில்லை. ஏன் சொல்லமாட்டேன் என்பதுதான் இந்தப் பேச்சு.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா பறையடித்தவர். ஊரில் சாவு என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது மரியாதையான சொல். ஆள் அனுப்புவார்கள், அவர் போக வேண்டும். நாங்கள் அப்போதே கிறித்தவர்கள். அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் பூசணியும் கோழியும் படைப்பார்கள். ஒரு வருஷம் அப்பாவுக்கும் ஓர் ஆசை வந்தது. தன்னிடம் இருப்பதைக் கர்த்தருக்குக் கொடுக்கலாம் என்று பறையைக் காய்ச்சிக்கொண்டு போனார். சபையின் பெரிய மனிதர்கள் மதில் சுவருக்கு வெளியே அவரை நிறுத்தினார்கள். "உள்ளே நீ வா. அது வேண்டாம். அது சாவு மேளம்" என்றார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் எங்கள் சாதிதான். அப்பா பறையைச் சுவர் ஓரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்து பாய்மேல் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தோல் குளிர்ந்து தொய்ந்திருந்தது.

அதே கோயிலில் ஆறேழு வருஷம் கழித்து நான் கீபோர்டு வாசித்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பீடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். அப்பாவின் கருவி வெளியே, மகனின் கருவி உள்ளே. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அது எப்படிப்பட்ட பெருமை என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

நான் ஆர்மோனியத்தில் தொடங்கியவன். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் தெருக்கூத்து இருக்கிற வரைக்கும் ஆர்மோனியத்துக்குப் பஞ்சமில்லை. கூத்தில் முகவீணைக்குப் பக்கத்தில் அது சுருதி பிடிக்கும். அந்தப் பெட்டிக்கும் ஒரு தீண்டாமைக் கதை உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. நம் இசையின் நுண்சுருதிகள் அதில் வராது, அது அந்நியப் பெட்டி என்றார்கள். தடை தளர 1971 ஆயிற்று. அந்த 30 வருஷமும் கூத்து மேடைகளில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. எந்த வானொலியையும் கேட்டுக்கொண்டு கூத்து நடந்ததில்லை.

இப்போது கார்டுக்கு வருகிறேன். இசை தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், கட்டைகளை எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு ஸ்தாயியில் வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள். ச-வை ஒன்று என்று வைத்துக்கொண்டு மூன்று மூன்றாகத் தாண்டிப் போங்கள். ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுஸ்ருதி தைவதம். இன்னும் மூன்று தாண்டினால் மறுபடி மேல் ச. இந்த நான்கையும் சேர்த்து அழுத்தினால் அதுதான் டிமினிஷ்டு செவன்த். நான்கு சுரத்துக்கும் நடுவில் ஒரே தூரம். பெரியது சின்னது இல்லை. அதனால் எந்தச் சுரம் தலை, எந்தச் சுரம் கால் என்று காது கண்டுபிடிக்க முடியாது. 12 கட்டையில் இப்படி மொத்தம் மூன்றே மூன்று கார்டுகள்தான் உண்டு. நான்காவது என்று எதைப் பிடித்தாலும் முதலாவதே திரும்பி வரும்.

ஏன் இதைக் குறைக்கப்பட்டது என்கிறார்கள்? மைனர் கார்டு என்பது ச, சாதாரண காந்தாரம், பஞ்சமம். அதில் பஞ்சமத்தை அரைச் சுரம் கீழே இறக்கினால் டிமினிஷ்டு. குறைக்கப்பட்டது பஞ்சமம். கர்நாடக இசையில் ச-வும் ப-வும் அசையாத சுரங்கள். மற்ற ஐந்துக்கும் வகைகள் உண்டு, இவை இரண்டுக்கும் கிடையாது. தம்புராவில் ஓயாமல் ஒலிப்பது இவைதான். சிலப்பதிகாரக் காலத்தில் குரல் என்றும் இளி என்றும் பெயர். அசையாத அந்தப் பஞ்சமத்தை அசைத்துவிடுகிற கார்டு இது. அதனால்தான் கச்சேரிக் காதுக்கு இது உறுத்துகிறது.

பஞ்சமம் என்றதும் இந்த அவையில் சிலர் நிமிர்வதைப் பார்க்கிறேன். நம்மையும் பஞ்சமர் என்றுதானே அரசாங்கத் தாள்களில் எழுதினார்கள். நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாவது. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து 1922இல் அந்தப் பெயரை மாற்ற வைத்தார். பஞ்சமர், பறையர் என்று எழுதின இடத்தில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. இசையில் அசையாத பீடத்தில் இருக்கிற ஐந்தாவதற்கும், ஊரில் சேரிக்குத் தள்ளப்பட்ட ஐந்தாவதற்கும் ஒரே சொல். இதை வைத்து ஒரு கவிதை எழுதிவிடலாம். நான் சொல்ல வருவது அது அல்ல. கீழே இறக்கப்பட்ட பஞ்சமம் என்று சொன்னேனே, அந்தக் கட்டைக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. கீழேயிருந்து ஏறி வந்தால் அது உயர்த்தப்பட்ட மத்திமம். அதே கட்டைதான், அதே சத்தம்தான். மேலே நின்று பார்க்கிறவன் இறக்கப்பட்டது என்கிறான். கீழேயிருந்து வருகிறவன் ஏற்றப்பட்டது என்கிறான். தாளில் எழுதும்போதுகூட இரண்டு விதமாக எழுதுவார்கள், ஒன்றில் ஃபிளாட், ஒன்றில் ஷார்ப். எப்படி எழுதுவது என்பதை அந்தக் கட்டை தீர்மானிப்பதில்லை. பாட்டு எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கார்டு ஐரோப்பாவில் எப்படிப் பயன்பட்டது? பயத்துக்கு. 1821இல் அரங்கேறிய வெபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓப்பராவில் நள்ளிரவில், ஓநாய்ப் பள்ளத்தில், சாத்தானைக் கூப்பிடுகிற காட்சி முழுக்க இந்தக் கார்டு நிறைந்திருக்கிறது. பிறகு ஊமைப்படக் காலத்தில் வில்லன் நுழைந்தால் பியானோக்காரர் இதைத்தான் அழுத்துவார். தலையும் காலும் தெரியாத, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத சத்தம். ஆகவே பேய், ஆகவே திருடன். வீடு இல்லாதவனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்குமோ அதையே அந்த இசையும் நினைத்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயிலில் இதே கார்டு வேறு வேலை செய்கிறது. கோஸ்பல் பியானோ படிக்கிற எவனும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற ஒரு நடை உண்டு. சி மேஜரில் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை எஃப்-இல் இருக்கிறது, அதாவது சுத்த மத்திமம். அடுத்து எஃப் ஷார்ப், பிரதி மத்திமம். அடுத்து ஜி, பஞ்சமம். வலது கை முதலில் எஃப் மேஜர் பிடிக்கிறது, நடுவில் டிமினிஷ்டு பிடிக்கிறது, கடைசியில் சி மேஜர் பிடிக்கிறது. பேஸ் மூன்று படி ஏறுகிறது. நடுப்படிதான் நம் கார்டு. பாடுகிறவர் ஒரே சுரத்தில் நின்றாலும் கீழே தரை உயர்கிறது. சபை எழுந்து நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஓநாய்ப் பள்ளத்தில் இருந்த அதே நான்கு சுரங்கள் இங்கே படிக்கட்டாக இருக்கின்றன.

இந்த இசையும் சும்மா உள்ளே போய்விடவில்லை. அரிசோனா டிரேன்ஸ் என்று ஒரு பெண். கண்பார்வை இல்லாதவர், டெக்சஸ்காரர். 1926இல் ஒக்கே கம்பெனிக்குத் தட்டு கொடுத்தார். சாராயக் கடைகளில் வாசிக்கிற பியானோ நடையில் கர்த்தரைப் பாடினார். பெந்தெகொஸ்தே சபை அவரைத் தாங்கிக்கொண்டது. தாமஸ் ஏ. டோர்சி 1899இல் பிறந்தவர், போதகரின் மகன். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மா ரெய்னி குழுவில் புளூஸ் வாசித்தவர். அவர் கோயிலுக்குப் பாட்டு எழுதிக் கொண்டுபோனபோது சிகாகோவின் பெரிய கறுப்பினச் சபைகள் பல கதவைச் சாத்தின. இது மதுக்கடைச் சத்தம், இது கீழ்மக்கள் சத்தம் என்றன. அந்தச் சபைகளில் இருந்தவர்களும் கறுப்பின மக்கள்தான். வெள்ளைக்காரன் கோயில் மாதிரி அமைதியாக இருந்தால்தான் மதிப்பு என்று நம்பியவர்கள். என் அப்பாவைச் சுவருக்கு வெளியே நிறுத்தியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1932 ஆகஸ்டில் டோர்சி வேறு ஊரில் வாசித்துக்கொண்டிருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' பாட்டு பிறந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில், சுடப்படுவதற்குச் சற்று முன்னால், அன்றிரவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி மார்டின் லூதர் கிங் கேட்டுக்கொண்டார். அவருடைய அடக்கத்தில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். கதவுக்கு வெளியே நின்ற இசை, ஒரு மக்கள் கூட்டத்தின் சாவுப் பாட்டாயிற்று. சாவு மேளம் என்று ஒதுக்குவதற்கும் சாவில் துணை நிற்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இந்த இடத்தில் என்னை எதிர்த்துப் பேசக்கூடிய ஒருவரை நானே அழைக்க வேண்டும். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். தலித் விடுதலையை இறையியலாக மட்டும் எழுதாமல் மெட்டாகவும் தாளமாகவும் எழுதியவர். ஆராதனை முறைமை முழுவதையுமே நாட்டுப்புற இசையில் அமைத்தார். அவரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சோ ஷெரீனியன் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். பரட்டை அண்ணனின் எண்ணத்தில் மையமானது 'ஒரே உலை'. எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து உண்பது. அதுதான் திருவிருந்து. இசையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் கோயில்களில் பாமாலை என்பது ஜெர்மானிய, ஆங்கில மெட்டு. கீர்த்தனை என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கர்நாடக மெட்டு. இரண்டும் உள்ளே இருந்தன. சேரியின் பாட்டு மட்டும் வெளியே இருந்தது. படிக்காத ஒரு தாய், தாள் இல்லாமல், வாத்தியார் இல்லாமல், கேட்டவுடன் பாடி, வேண்டுமானால் வரியை மாற்றியும் பாடக்கூடிய இசை நாட்டுப்புற இசை என்பதால்தான் பரட்டை அண்ணன் அதன் பக்கம் நின்றார். அப்படியானால் என்னைப் பார்த்து ஒருவர் கேட்கலாம். நான்கு சுரக் கார்டு, பேஸ் நடை என்று நீ வாசிக்கிறாயே, இது இன்னொரு உயர்சாதி இசை இல்லையா? உன் அப்பாவின் பறை வெளியே கிடக்க, நீ சிகாகோவிலிருந்து படிக்கட்டு இறக்குமதி செய்கிறாயா?

இந்தக் கேள்வி என்னைப் பல வருஷம் தூங்கவிடவில்லை. என் அப்பா செத்த அன்று எனக்குப் பாதி பதில் கிடைத்தது. அப்போது எங்கள் சேரியில் பையன்கள் பறையை விட்டிருந்தார்கள். இனி எந்தச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று கூடி முடிவெடுத்திருந்தார்கள். அது சரியான முடிவு. கட்டளைக்கு அடிக்கிற பறையை நிறுத்தியதுதான் நம் போராட்டத்தின் முதல் படி. ஆனால் அப்பாவுக்கு யார் அடிப்பது? என் தாய்மாமன் எழுந்தார். "இது ஊருக்கு இல்ல, என் மச்சானுக்கு" என்று சொல்லி வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். நான் வீட்டுத் திண்ணையில் கீபோர்டை வைத்தேன். அப்பாவுக்குப் பிடித்த ஒரு பாட்டை வாசித்தேன். மாமா ஒரு கையில் அடிக்குச்சியும் மறுகையில் சிண்டுக்குச்சியுமாக எனக்கு நேரே நின்று அடித்தார். அந்த மூன்று படி நடை வந்த இடத்தில் அவர் அடியை மாற்றினார். நடுப்படியில் சிண்டுக்குச்சி பொரிந்தது, மூன்றாம் படியில் அடிக்குச்சி விழுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது கேட்டேன், "மாமா, அந்த இடத்துல எப்படி மாத்துனீங்க?"

"எந்த இடம்?"

மறுபடி அந்தக் கார்டை அழுத்திக் காட்டினேன்.

"அதுவா மாப்ள. அது நிக்கிற சத்தமில்ல, போற சத்தம். ஏறுது. ஏறும்போது கால் தூக்கணுமில்ல?"

ஐரோப்பா பேய் என்றது. பாடப்புத்தகம் குறைக்கப்பட்டது என்றது. பள்ளிக்கூடம் பாதியில் விட்ட என் மாமா, ஏறுது என்றார். கட்டை ஒன்றுதான். கீழேயிருந்து கேட்டவருக்கு அது உயர்த்தப்பட்ட மத்திமமாகக் கேட்டது. கற்றுக்கொடுத்த பெயரை நம்பி நான்தான் அதுவரை மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் வாசிப்பில் இரண்டு ஒழுங்குகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பறையும் பாட்டும் இருக்கிற இடத்தில் கார்டு தலைமை தாங்கக் கூடாது. பாட்டைப் பாடுகிறவர் முதலில் பாடி முடிக்க வேண்டும். எங்கே ஏறுகிறார் என்று கேட்டபின்தான் படி வைக்க வேண்டும். டிமினிஷ்டு கார்டை எல்லா இடத்திலும் தூவினால் அது படி அல்ல, அலங்காரம். ஒரு பாட்டில் ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. தாய்மார்கள் பாட முடியாமல் வாயை மூடிக்கொண்டார்கள் என்றால் என் கார்டு தோற்றது என்று பொருள். பரட்டை அண்ணனுக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் இதுதான். உலை ஒன்றே, நான் அதில் ஒரு பிடி போடுகிறேன். உலையை நான் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டாவது ஒழுங்கு, ஒப்பாரியின் கீழே நான் கார்டு வைப்பதில்லை. அது ஏன் என்பதை இந்த மலையில் நின்று சொல்வதுதான் முறை. கார்டு என்பது எப்போதும் வீடு திரும்புவதைப் பற்றிய பேச்சு. டிமினிஷ்டு கார்டுக்கு நான்கு வாசல் உண்டு. அதன் நான்கு சுரங்களில் எதிலிருந்தும் அரைச் சுரம் ஏறி ஒரு வீட்டுக்குள் நுழையலாம். எந்த வாசல் என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வாசல் திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் காது அதைப் பொறுத்துக்கொள்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் 20 பேர் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இந்த ஜவ்வாது மலையின் ஊர்களிலிருந்து போனவர்களும் உண்டு. கூலிக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். அந்த வீடுகளில் பெண்கள் பாடியதன் அடியில் ஒரு கார்டை வைத்து அழகாக வீடு சேர்க்க எனக்கு என்ன உரிமை? திரும்பி வராதவர்களைப் பற்றிய பாட்டு திரும்பாமலே இருக்கட்டும். சில இடங்களில் இசைக்காரன் செய்ய வேண்டிய வேலை, கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் தலித்துகள், நீங்கள் பழங்குடிகள். நம் வரலாறு ஒன்றல்ல. மேடையேறியதும் 'நாம்' என்று சேர்த்துப் பேசிவிடுவது எங்களுக்கு எளிது, உங்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். மலையாளி என்று நீங்கள் சொன்னால் கீழ்நாட்டுக்காரன் கேரளாவா என்று கேட்கிறான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக உங்கள் பெரியவர்கள் சொல்லும் கதையை அவன் கேட்டதே இல்லை. பெயர் எங்கிருந்து கேட்கப்படுகிறது என்பது உங்களுக்கும் ஒரு பிரச்சினைதான். அந்த அளவுக்காவது நமக்குள் ஒரு பொதுக்கட்டை இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம்.

இன்று பறை பல இடங்களுக்கு வந்துவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதைக் கையிலெடுத்து ஆடினார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. என் அப்பாவைத் தடுத்த அதே கோயிலில் போன அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் பறையடித்தார்கள். நான் கீபோர்டில் இருந்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்த அந்தப் பறையை நான் மறக்கவில்லை. கருவி உள்ளே வந்துவிட்டது என்பதால் ஆளும் உள்ளே வந்துவிட்டான் என்று எண்ணிவிட வேண்டாம். மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் தனிக் குவளை எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீபோர்டு படியுங்கள், கிதார் படியுங்கள், எவன் கண்டுபிடித்த கார்டாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் பாடப்புத்தகம் கொடுத்த பெயரை மனப்பாடம் செய்தபின், அதை உங்கள் தாத்தாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, இது எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நாம் இன்று நினைவுகூரும் அய்யா எனக்கு ஒருமுறை, "நீ வாசிக்கிறதை எழுது. எழுதினால்தான் நாளைக்கு அடுத்தவன் அதிலிருந்து தொடங்குவான்" என்று சொன்னார். அவர் இருந்தவரை நான் எழுதவில்லை. அந்தக் கடனில் ஒரு பங்கை இன்று இந்தத் தாள்களில் திருப்பிக் கொடுக்கிறேன்.